அலுவலக உபயோகத்துக்கு மட்டும்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி வாசல் காவலாளியிலிருந்து மேல்மாடி இயக்குநர் வரை எல்லோருக்கும் அவள் சீலம்மா. சீல் வைக்கிற அம்மா, அவ்வளவுதான். யாரோ கிண்டலுக்குச் சொல்லப்போய் அது அப்படியே ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் அதில் வருத்தமில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

மண்ணையும் தண்ணீரையும் சோதித்துச் சொல்கிற அரசாங்க அலுவலகம் அது. கீழ்த்தளத்தில் ஆய்வுக்கூடம், முதல் மாடியில் ஆவணப் பிரிவு. கீழே எழுதப்படுகிற ஒவ்வொரு அறிக்கையும் மேலே ஏறி வந்து சீலம்மாவின் மேசையில் உட்கார்ந்து, அவள் கையால் ஒரு குத்து வாங்கிக்கொண்டு அலமாரிக்குள் போகும். மேசையில் ஊதா மைத் தட்டு ஒன்று, மரப்பிடி தேய்ந்து வழவழப்பான முத்திரைக் கட்டை ஒன்று, துடைக்க ஒரு பழந்துணி. அவள் வலது ஆள்காட்டி விரல் நுனி எப்போதும் ஊதாவாக இருக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாது என்று தெரிந்த பிறகு அவள் தேய்ப்பதையே விட்டுவிட்டாள்.

அரசாங்கக் காகிதங்களின் சங்கதியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பது ஒரு வகை. ரகசியம் என்பது இன்னொரு வகை. அதற்குச் சட்டம் உண்டு, இரும்புப் பெட்டி உண்டு, மீறினால் சிறையும் உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவில் ரகசியமும் இல்லாமல் பகிரங்கமும் இல்லாமல் ஒரு பெருங்கூட்டம் இருக்கிறது. அதன் நெற்றியில்தான் ‘அலுவலக உபயோகத்துக்கு மட்டும்’ என்று ஊதா மையில் விழும். அதற்குச் சட்டம் எதுவும் கிடையாது, ஒரே ஒரு சுற்றறிக்கைதான். எதற்கெல்லாம் இந்த முத்திரை போட வேண்டும் என்று விளக்குகிற அந்தச் சுற்றறிக்கையின் நெற்றியிலும் இதே முத்திரை இருப்பதால், வெளியாள் யாரும் அதைப் படித்துப் பார்த்து ஏன் என்று கேட்க முடியாது. சிரிக்காதீர்கள். படித்த நாலு பேர் கூடி யோசித்துச் செய்த ஏற்பாடு அது.

முத்திரை போடுகிறவர் பக்கத்தில் தன் சுருக்கொப்பம் இட வேண்டும். போட்டவரே நினைத்தால் ஒரு கோடு கிழித்து அதை எடுத்தும்விடலாம். ஆனால் எடுத்தவர் என்று அந்தக் கட்டடத்தில் ஒருவரும் கிடையாது. போட்டதற்காக யாரும் விளக்கம் கேட்கப்பட்டதில்லை. போடாததற்காகக் கேட்கப்பட்டவர்கள் இருந்தார்கள். பிறகு எவன் எடுப்பான்? அதனால் அலமாரியில் கேண்டீன் விலைப்பட்டியல்கூட அந்த முத்திரையோடு பத்திரமாக இருந்தது. அதைப் போட்டவர் ஓய்வு பெற்றுப் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் காலத்தில் ஒரு டீ என்ன விலை என்பது இனி எந்தக் காலத்திலும் வெளியே வராது.

சீலம்மாவுக்கு இரண்டே கொள்கைகள். படிக்காதே, பேசாதே. அறிக்கையின் மேல் வரியில் இடமும் தேதியும் இருக்கும். பதிவுக்கு அது போதும். அதற்குக் கீழே அவள் கண் போகாது. பேருந்தில் பக்கத்தில் உட்கார்கிறவர்கள் எங்கே வேலை என்று கேட்டால் "ஆபீஸ்ல" என்பாள். எந்த ஆபீஸ் என்றால் ஜன்னலைப் பார்ப்பாள்.

இப்படி வாய்க்குப் பூட்டுப் போட அவளுக்குக் காரணம் இருந்தது. அவள் அப்பாவும் அதே அலுவலகத்தில்தான் இருந்தார். பணியில் இருக்கும்போதே அவர் திடீரென்று இறந்துபோனதும், அம்மா ஏற்கெனவே இல்லாத வீட்டில் இவளும் பள்ளிக்கூடம் போகிற தங்கையும் மட்டும் மிஞ்சினார்கள். அப்போது படியேறி இறங்கி, மேலிடத்தில் நாலு பேர் காலைக் கையைப் பிடித்து இவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் ஆவணப் பிரிவின் மேலாளர். அன்றிலிருந்து அவர் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். நல்ல மனிதர் என்று பெயரெடுத்தவர். குரலை உயர்த்தமாட்டார். யார் எந்தக் குறையோடு வந்தாலும் உட்காரவைத்துக் கேட்பார். அவர் சொன்னால் சீலம்மா கிணற்றில்கூடக் குதித்திருப்பாள். அந்த அளவு நம்பிக்கை.

தங்கையை அவள்தான் வளர்த்தாள். கல்யாணம் என்று யோசிக்க வேண்டிய வயதில் தங்கையின் பள்ளிக்கூடச் சீருடைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். தங்கை படித்து ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பறையில் வேலைக்குச் சேர்ந்தாள். மின்தூக்கி பழுது பார்க்கிற ஒருவனை விரும்பிக் கட்டிக்கொண்டாள். ஒரு பெண் குழந்தையும் பெற்றாள். அதன் பெயர் ஏதோ நீளமாக இருந்தது. பெரியம்மா அதை வாலு என்று கூப்பிடப்போய் அதுவே நிலைத்தது. நாலு பேரும் ஒரு சின்ன அடுக்ககத்தில், ஒருவர் கைகழுவினால் மற்றவர் வெளியே நிற்க வேண்டிய இடத்தில், சண்டையும் சிரிப்புமாக இருந்தார்கள்.

ஒருநாள் காலையில் தங்கை பல் துலக்கிக்கொண்டே சொன்னாள், "அக்கா, பழைய பேட்டரிப் பட்டறை இருந்த இடத்துல வரிசையா சின்னச் சின்ன வீடு கட்டி விக்கிறாங்க. நாங்க பார்த்துட்டு வந்தோம். பின்னாடி கொஞ்சம் மண்ணுத் தரைகூட இருக்கு. இந்த வாரம் முன்பணம் கட்டிடலாம்னு அவர் சொல்றாரு."

சீலம்மாவுக்கு மனசு நிறைந்துதான் போனது. அன்று பிற்பகல் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த காகிதக் கட்டின் நடுவில் இருந்த ஓர் அறிக்கையின் மேல் வரியில், ‘பழைய பேட்டரிப் பட்டறை மனை, மண் மாதிரி’ என்று இருந்தது.

கட்டையை மையில் ஒற்றிக் கையைத் தூக்கியவள் அப்படியே நின்றாள். பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து செய்யாத காரியத்தைச் செய்தாள். பக்கத்தைப் புரட்டிப் படித்தாள். பாதிக்குமேல் புரியவில்லை. ஈயம் என்று எழுதி அதற்கு எதிரே இருந்த எண்ணைச் சோதித்தவர் சிவப்பில் வட்டமிட்டிருந்தார். இருக்கலாம் என்று அனுமதித்த அளவு பக்கத்திலேயே இருந்தது. இரண்டையும் பார்த்தால் சின்னக் குழந்தைக்குக்கூட விஷயம் விளங்கிவிடும்.

அறிக்கையோடு மேலாளரின் அறைக்குப் போனாள்.

"சார், இந்த இடத்துலதான் என் தங்கச்சி வீடு பார்த்திருக்கா."

அவர் வாங்கிப் படித்தார். படிக்கும்போது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"உக்காரு தங்கச்சி. இது முதல் சோதனை. எங்கயோ ஒரு மூலையில பழைய கழிவு கிடந்திருக்கும், அந்த மண்ணை அள்ளிட்டு வந்திருப்பாங்க. இன்னொரு தடவை எடுக்கச் சொல்றேன். அது வர்ற வரைக்கும் இதைப் பத்தி யார்கிட்டயும் மூச்சு விடாத."

"அவ இந்த வாரமே முன்பணம் கட்டப்போறா, சார்."

"நீ சொல்லிட்டன்னு வை. அவ பக்கத்து வீட்டுக்குச் சொல்லுவா. நாளைக்கு அந்த இடமே கலவரமாயிடும். மறுசோதனையில ஒண்ணுமில்லன்னு வந்தா? உன் தங்கச்சிக்காக நீ சொன்னா, என் பொண்ணுக்காக நான் சொல்லணும், இன்னொருத்தர் அவர் மச்சானுக்காகச் சொல்லணும். அப்புறம் ஆபீஸ் எதுக்கு?" என்றவர், குரலை இன்னும் தாழ்த்தி, "நிஜமா பயப்படற மாதிரி ஏதாவது இருந்தா முதல்ல உன்கிட்டதான் வந்து சொல்லுவேன். என்மேல நம்பிக்கை இருக்குல்ல?" என்றார்.

இருந்தது. அதுதான் அவளுக்கு வந்த கேடு. மேசைக்குத் திரும்பி முத்திரையைப் போட்டு, பக்கத்தில் தன் சுருக்கொப்பத்தையும் இட்டாள்.

வீட்டில் அன்றைக்குத் தங்கையிடம் சுற்றி வளைத்து, "எதுக்கு இப்ப அவசரம்? கொஞ்சம் பொறுத்து வாங்கலாமே" என்று சொல்லிப் பார்த்தாள்.

"ஏன்க்கா?"

"சும்மாதான். ஆற அமர யோசிச்சு செய்யலாமேன்னு."

தங்கை சிரித்தாள். "தெரியும் தெரியும். நாங்க உன்னை விட்டுட்டுப் போறோம்னு உனக்கு வருத்தம். அதானே?"

நல்ல சாக்கு ஒன்று தானாகக் கையில் வந்து விழுந்தது. "ஆமா" என்றாள் சீலம்மா. தங்கை வந்து கட்டிக்கொண்டாள். அந்த ஆமாவை நினைத்து அவள் பின்னால் அழுத அழுகைக்கு அளவில்லை.

அவர்கள் புது வீட்டுக்குப் போனார்கள். பட்டறை இருந்த சுவடே தெரியாமல் மேலே செம்மண் கொட்டி நிரவியிருந்தார்கள். வீட்டின் பின்னால் ஒரு குழாய், குழாயடியில் தக்காளிச் செடிகள். அந்த மண்தான் வாலுவுக்குக் கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம். தோண்டத் தோண்டச் செம்மண்ணுக்குக் கீழே கறுப்பு மண் வந்தது. அது உருண்டை பிடிக்க வசதியாக இருந்ததால் குழந்தைக்குக் கறுப்பு மண்ணே பிடித்துப்போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் சீலம்மா போவாள். போனதும் முதல் வேலையாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் நகக்கண்ணெல்லாம் விடாமல் கழுவுவாள். "வந்ததும் வராததுமா அதைப் போட்டுத் தேய்க்கறியேக்கா, தோல் உரிஞ்சுடப்போகுது" என்று தங்கை கேலி பண்ணுவாள்.

மறுசோதனை என்ன ஆயிற்று என்று அவ்வப்போது மேலாளரிடம் கேட்பாள். "எழுதியிருக்கேன் தங்கச்சி, வரும்" என்பார். கிணற்றில் போட்ட கல்தான். கேட்கிறவளுக்கே ஒரு கட்டத்தில் வெட்கமாகிவிட்டது. நல்ல மனிதரை எத்தனை தடவை தொந்தரவு செய்வது? இத்தனை நாள் ஒன்றும் வராததால் ஒன்றும் இருக்காது என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். மனிதர்களுக்கு இது நன்றாக வரும்.

அடுத்த வருஷம் வாலு வயிற்றுவலி என்று சுருண்டு படுக்க ஆரம்பித்தது. சாப்பாட்டைக் கண்டால் ஓடும். முகம் வெளுத்தது. எழுத்துகளை எல்லாம் கடகடவென்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை நடுவில் நின்று விழித்தது. ஒன்றுமில்லாததற்கெல்லாம் ஆத்திரம் வந்து கையில் கிடைத்ததை எறிந்தது. பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்தார்கள், டானிக் கொடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு பெண் டாக்டர் ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொன்னார். இருந்தது. இருக்கக்கூடாத அளவுக்கு இருந்தது.

"பழைய பெயின்ட்டா இருக்கலாம், தண்ணியா இருக்கலாம், மண்ணா இருக்கலாம்" என்றார் டாக்டர். "எங்கேயிருந்து வருதுன்னு கண்டுபிடிச்சு முதல்ல அதை நிறுத்தணும். அது எலும்புல போய் உக்காந்துக்கும். மருந்து கொடுத்துக் குறைக்கலாம். ஆனா மூளைக்கு ஏற்கெனவே ஆனது எவ்வளவு திரும்பும்னு என்னால சொல்ல முடியாது."

சீலம்மா அன்றைக்கே போய்க் குழந்தையைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். "நீங்களும் வீட்டைப் பூட்டிட்டு வந்துடுங்க" என்றாள் தங்கையிடம்.

"எதுன்னே தெரியாம எப்படிக்கா வர்றது? மண்ணு சுத்தமான மண்ணுன்னு கட்டினவங்க சான்றிதழ் கொடுத்திருக்காங்க. மண்ணுதான்னு உனக்கு யார் சொன்னா?"

அந்த நேரத்தில்கூடச் சீலம்மாவுக்கு மேலாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது பாருங்கள். வேறு யாராக இருந்தாலும் எனக்குக் கோபம் வந்திருக்கும். அவள் வாழ்ந்த வாழ்க்கையைத் தெரிந்து வைத்துக்கொண்டு கோபப்படவும் முடியவில்லை.

தங்கையே மேலே சொன்னாள், "நீ அந்த ஆபீஸ்லதானே இருக்க. எங்க இடத்து மண்ணை யாராவது சோதிச்சிருக்காங்களான்னு பார்த்துச் சொல்லேன்."

மறுநாள் மேலாளர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். வாலுவுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். கண்கூடக் கலங்கிய மாதிரி இருந்தது. "உன் தங்கச்சியை முறையா ஒரு மனுப் போடச் சொல்லு. நானே முன்னால நின்னு அனுமதி வாங்கித் தர்றேன்" என்றார். மனு வந்தது. ‘கோரப்பட்ட தகவல் அலுவலக உபயோகத்துக்கு மட்டும் எனக் குறிக்கப்பட்டிருப்பதால் வழங்க இயலாது’ என்ற பதில் அவர் கையெழுத்தோடு சீலம்மாவின் மேசைக்கே அனுப்புவதற்கு வந்தது. தங்கையின் முகவரியை உறைமேல் அவள்தான் எழுத வேண்டியிருந்தது. மேலிடத்து உத்தரவு, அவர் என்ன செய்வார் பாவம் என்று அப்போதும் நினைத்தாள்.

கடிதம் கிடைத்ததும் தங்கை கூப்பிட்டாள். "அக்கா, தர முடியாதுன்னு எழுதியிருக்காங்க. இல்லைன்னு எழுதலை. அப்ப ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம்?"

"நான் பார்க்கறேன்" என்றாள் சீலம்மா. அவளால் சொல்ல முடிந்தது அதுதான்.

விஷயத்தைப் போட்டு உடைத்தவர் அலுவலக டிரைவர். உடைக்க வேண்டும் என்று உடைக்கவில்லை, அவர் பேச்சே அப்படி. வண்டி நிறுத்துமிடத்தில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையாமே, சீலம்மா? எந்தப் பக்கம் வீடு?" என்றார். சொன்னாள்.

"அட, அங்கயா? நம்ம சார் பொண்ணுகூட அங்கதான் வாங்க இருந்தாங்க. மூலை வீடு. எல்லாம் பேசி முடிச்ச பிறகு திடீர்னு வேணாம்னுட்டாங்க."

"எப்ப?"

"அதுவா? சாரோட நாற்காலி உடைஞ்சு புதுசு வாங்கினோமே, அந்த வாரம். சார் வண்டியில உக்காந்து போன்ல பொண்ணைப் பிடிச்சு ஒரு சத்தம் போட்டாரு. அவர் சத்தம் போட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அந்த மண்ணுல புள்ளையை இறக்கின, அப்புறம் நான் உன் வீட்டு வாசல் மிதிக்கமாட்டேன்னாரு. அடுத்த நாளே கொடுத்த பணத்தைத் திருப்பி வாங்கிட்டாங்க."

நாற்காலி உடைந்த வாரம் சீலம்மாவுக்கு நன்றாகத் தெரியும். அறிக்கையை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனபோது அவர் புது நாற்காலியின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். உக்காரு தங்கச்சி என்றார். மூச்சு விடாதே என்றார். அதே வாரம் வண்டியில் ஏறித் தன் மகளைக் கூப்பிட்டிருக்கிறார்.

டிரைவர் இன்னும் என்னவோ பேசிக்கொண்டிருந்தார். அவளுக்குக் காதில் ஒன்றும் விழவில்லை. நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டாரே என்ற ஒரே எண்ணம்தான் தலைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. ஊர் பேர் தெரியாதவன் செய்தால் ஆத்திரப்பட்டு இரண்டு வசை வைதுவிட்டு ஆறிவிடலாம். அண்ணன் ஸ்தானத்தில் வைத்த ஆள் செய்ததை எங்கே போய்ச் சொல்வது?

மேலாளரின் அறைக்கு அவள் தட்டாமல் உள்ளே போனது அதுதான் முதல் தடவை.

"உங்க பொண்ணுகிட்ட சொன்னீங்களா, சார்?"

அவர் எதைப் பற்றி என்றுகூடக் கேட்கவில்லை. கதவைச் சாத்தச் சொன்னார். அவள் சாத்தவில்லை.

"தங்கச்சி, நிதானமாக் கேளு. நான் யாருக்கும் காகிதத்தைக் காட்டலை, நகல் எடுக்கலை. அப்பன் பொண்ணுகிட்ட வாயால ரெண்டு வார்த்தை பேசினதுக்கு விதி எதுவும் கிடையாது. முத்திரை காகிதத்துக்குத்தான்."

"என்னைப் பேசக்கூடாதுன்னு சொன்னீங்களே."

"பொறுத்திருன்னு சொன்னேன். நீ பொறுத்துட்ட." பேனாவை எடுத்து மூடியைத் திருகினார். "சரி, அந்த முத்திரை யார் போட்டது? பக்கத்துல யார் சுருக்கொப்பம்? போட்டவங்களே எடுத்துடலாம்னு சுற்றறிக்கையில இருக்கு. நீ எந்த நாள் வேணும்னாலும் ஒரு கோடு கிழிச்சிருக்கலாம். நான் உன் கையைப் பிடிச்சேனா?"

எவ்வளவு சுத்தமாகக் கையைக் கழுவிவிட்டார் பாருங்கள். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, அதுதான் கொடுமை.

"மறுசோதனைக்கு எழுதினீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சீலம்மா மேசைக்கு வந்தாள். அலமாரியைத் திறந்து அறிக்கையை எடுத்தாள். ஊதா எழுத்துகளின் மேல் குறுக்கே ஒரு கோடு கிழித்து, சுருக்கொப்பமாக இல்லாமல் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எல்லோரும் பார்க்கப் பார்க்க நகல் எடுத்தாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கட்டடத்தில் யாரும் பார்த்திராத காரியம் என்பதால், அது சரியா தப்பா என்று யாருக்கும் தெரியவில்லை.

நேரே தங்கையின் வீட்டுக்குப் போனாள். போகிற வழியெல்லாம் மனசில் ஒரு மாதிரி நிம்மதிகூட இருந்தது. இப்போதாவது செய்துவிட்டோம், தங்கை நம்மைக் கட்டிக்கொண்டு அழுவாள், மற்றதை இரண்டு பேருமாகச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். தங்கை காகிதத்தை வாங்கிச் சிவப்பு வட்டத்தைப் பார்த்தாள். தங்கை வீட்டுக்காரன் அதை வாங்கி மேலிருந்து கீழே ஒரு தடவை படித்துவிட்டு, மறுபடியும் மேல் வரிக்கு வந்தான். மின்தூக்கி பழுது பார்க்கிறவன். எதையும் முதலிலிருந்து பார்க்கிற பழக்கம்.

"தேதியைப் பாரு" என்றான் மனைவியிடம். "நாம முன்பணம் கட்டறதுக்கு முன்னாடி."

தங்கை தேதியைப் பார்த்தாள். பிறகு கிழித்த கோட்டுக்கு அடியில் தெரிந்த சுருக்கொப்பத்தைப் பார்த்தாள். பள்ளிக்கூட மதிப்பெண் அட்டையில் வருஷா வருஷம் பார்த்த கையெழுத்து. அக்காவின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"நீ போ" என்றாள்.

அன்றைக்கே அந்த வீட்டைப் பூட்டிவிட்டு வந்து வாலுவையும் அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. நகல் வீடு வீடாகப் போனது. குடியிருந்தவர்கள் திரண்டு அலுவலகத்தின் முன்னால் உட்கார்ந்தார்கள். மண்ணை மறுபடி சோதித்தார்கள். அதே எண்தான் வந்தது. விசாரணை வைத்தார்கள். கோடு கிழிக்க அவளுக்கு உரிமை உண்டு என்று அறைக்குள் சொன்ன மேலாளர், விசாரணையில் தனக்கு எதுவும் தெரியாமல் அவள் அறிக்கையை வெளியே கொண்டுபோய்விட்டதாக அதே தணிந்த குரலில் சொன்னார். சீலம்மா சுற்றறிக்கையைக் காட்டச் சொன்னாள். அது அலுவலக உபயோகத்துக்கு மட்டும் என்பதால் விசாரணைக்கு உட்பட்டவருக்குக் காட்ட இயலாது என்றார்கள். அவளைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். டிரைவர் தான் வண்டிக்குள் எதையும் கேட்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பிள்ளைகுட்டிக்காரர், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

தங்கை குடும்பம் ஊரின் இன்னொரு பக்கத்தில் வாடகைக்குப் போயிருந்தது. முகவரியைப் பல் மருத்துவமனையில் கேட்டு வாங்கிக்கொண்டு சீலம்மா போனாள். மூன்றாம் மாடி, மண்ணே கண்ணில் படாத இடம். தங்கைதான் கதவைத் திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. ஆனால் கதவைச் சாத்தவும் இல்லை. உள்ளே மேசையில் வாலு எழுத்துப் பழகிக்கொண்டிருந்தது. போன வருஷமே தெரிந்த எழுத்துகள். ஒன்றை எழுதிவிட்டு அடுத்தது வராமல் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தது.

வாசலில் நின்றபடியே சீலம்மா எல்லாவற்றையும் கொட்டினாள். மேலாளர் நம்பவைத்தது, மூச்சு விடாதே என்றது, மகளை மட்டும் நைசாகக் காப்பாற்றிக்கொண்டது, கடைசியில் பழியை இவள் தலையில் போட்டது. தன் பக்கம் நின்று அந்த ஆளை ஒரு வார்த்தை திட்டுவதற்கு இந்த உலகத்தில் ஓர் ஆள் வேண்டும். அது தங்கையாக இருக்க வேண்டும். அதற்குத்தான் வந்தாள்.

"கூடப் பொறந்தவ மாதிரின்னு சொல்லிட்டு, எனக்கு இப்படித் துரோகம் பண்ணிட்டாருடீ."

தங்கை எல்லாவற்றையும் கேட்டாள். முந்தி எல்லாம் அவள் அழுவாள், கத்துவாள். இப்போது அந்த இரண்டும் இல்லை.

"அந்த ஆள்மேல எனக்குக் கோபமே வரலைக்கா" என்றாள். "விதியாவது மண்ணாவதுன்னு தூக்கிப் போட்டுட்டு அவர் தன் பொண்ணுக்குச் சொல்லிட்டாரு. எனக்கும்தான் சொல்றதுக்கு ஒருத்தி இருந்தா."

உள்ளேயிருந்து குழந்தை, "அம்மா, இதுக்கு அடுத்தது என்ன?" என்று கேட்டது. தங்கை உள்ளே போனாள்.